புளித்தண்ணீரின் சாட்சியம்

பணிமனை கேண்டீனில் நாற்பது கண்ணாடித் தம்ளர்களில் நாற்பது இரத்த அழுத்த மாத்திரைகள் புளித்தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன. தம்ளருக்கு ஒரு பேருந்து ஓட்டுநர். அவரவர் மணிக்கட்டில் இருந்த காப்பு பச்சையாக மின்னி, "மருந்து உள்ளே சென்றது, நன்றி" என்றது. தம்ளர்களைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. மருந்தியல் ஆய்வாளரான அவள்தான் அந்தக் காப்பையும் மாத்திரையையும் உருவாக்கியவள்.

நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அட்டை பிரிக்காமல் கிடக்கும். அதனால் எட்டு வருடம் பாடுபட்டு மாத்திரைக்குள் எள்ளளவு சாட்சிச்சில்லு ஒன்றை வைத்தாள். இரைப்பையின் புளிப்பு பட்டதும் அது விழித்துக்கொண்டு காப்புக்குத் தகவல் சொல்லும். காப்பு இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும். மருந்து உள்ளே போயும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், மறுநாள் மருந்தச்சு இயந்திரம் தானாகவே அளவைக் கூட்டி மாத்திரை அடித்து அனுப்பும். மனிதத் தலையீடே கிடையாது என்று எத்தனை மேடைகளில் பீற்றிக்கொண்டிருக்கிறாள்!

சில்லு ஏமாறுமா என்று ஆய்வுக்கூடத்தில் ஆயிரம் சோதனை செய்தார்கள். பாலில் போட்டார்கள், காப்பியில் போட்டார்கள், வெளிநாட்டுக் குளிர்பானத்தில்கூடப் போட்டார்கள். தினமும் இரண்டு வேளை ரசம் குடிக்கிற கூட்டத்தில் ஒருவருக்கும் புளி ஞாபகம் வரவில்லை. அவளுக்கும்தான். தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேண்டீன் மாஸ்டர் பிச்சையாவிடம் கேட்டாள். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கிற மருந்தும் கலந்திருக்கிறது. பாபநாசம் வண்டியை எடுத்தால் இரண்டு மணி நேரம் இறங்க வழியில்லை. அறுபது பேரை உட்காரவைத்துவிட்டு ஓட்டுநர் முள்மரத்தைத் தேடி ஓட முடியுமா? சாப்பிடாவிட்டாலோ காப்பு சிவப்பாகி, வண்டியைக் கிளப்பவே விடாது. ஒருநாள் யாரோ மாத்திரையைக் கைதவறி ரசத்தில் போட்டார். காப்பு நன்றி சொன்னது. அன்றிலிருந்து பிச்சையா தனியாக ஒரு சட்டி புளி கரைக்கிறார்.

அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. ஒரு வருடமாக நூற்றுக்கு நூறு விழுங்கல். ஆனாலும் யாருக்கும் அழுத்தம் இறங்கவில்லை. காரணம் தேடித்தான் இங்கே வந்திருந்தாள். அதற்குள் இயந்திரம் அளவை எட்டு மடங்கு ஏற்றியிருந்தது. மருந்தே காணாத உடம்பில் அது ஒரேயடியாக இறங்கினால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். மயங்கி விழுந்தால் எழுந்திருப்பது நிச்சயமில்லை.

நாற்பது பேரிடமும் மாத்திரையைத் தப்பித்தவறியும் வாயில் போடாதீர்கள் என்று கெஞ்சினாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டியலில் நாற்பத்தொரு பேர் உண்டு.

"வெயிலுமுத்து அண்ணன் நேத்தோட ரிட்டயர்டு ஆயிட்டாரும்மா," என்றார் பிச்சையா. "இனிமே வண்டி இல்ல, இன்னையிலேர்ந்து மாத்திரைய நெசமாவே முழுங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு மாத்திரை நேரம் ஒரு மணி. வெயிலுமுத்துவின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆட்டோவில் ஏறி, அவர் வீடு இருக்கும் பேட்டைக்கு விரட்டச் சொன்னாள். போகும் வழியில் அவர் மருந்தை நிறுத்தும்படி, திட்டத்தை நடத்தும் கணினி அமைப்புக்கு ஆணை அனுப்பினாள். மேற்பார்வைக் குழு கூடி முடிவெடுக்க முப்பது நாளாகும் என்று பதில் வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. இறங்கி, கேட்டுக்கு அடியில் புகுந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். கேட் திறந்தபோது மணி ஒன்றாக நான்கு நிமிடம் இருந்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வெயிலுமுத்து சாப்பிட்டு முடித்து, இடது கையில் தண்ணீர்ச் செம்பும் வலது உள்ளங்கையில் மாத்திரையுமாக இருந்தார். மனைவி கோமதி பக்கத்தில் நின்றாள். கை வாயை நோக்கிப் போனது. செண்பகவல்லி பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். மாத்திரை உருண்டு ஆட்டுரலுக்கு அடியில் போனது.

அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். "நீங்கதானம்மா ஒரு வருசமா முழுங்குங்க முழுங்குங்கன்னு சொன்னிய?"

மூச்சு வாங்க அவள் விஷயத்தைச் சொன்னாள். இதைப் போட்டிருந்தால் சாயங்காலம் வரை தாங்கியிருக்க மாட்டீர்கள் என்றபோது கோமதி அவர் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

மணி ஒன்று பத்து. அவர் காப்பு சிவப்பாகிக் கத்தத் தொடங்கியது. இன்னும் கால் மணி நேரத்தில் நேர்ப்பார்வைப் பணியாளர்கள் புது மாத்திரையோடு வந்துவிடுவார்கள். கண் முன்னால் விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். யார் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது என்பது விதி. நோயாளிகள் சாக்குச் சொல்வார்கள் என்று அந்த விதியை எழுதியவளும் செண்பகவல்லிதான்.

அவள் தரையில் படுத்து, கையை நீட்டி, ஆட்டுரலுக்கு அடியிலிருந்து மாத்திரையை எடுத்தாள்.

"கோமதியம்மா, கொஞ்சம் புளி கரைச்சுக் குடுங்க," என்றாள்.

கோமதி அடுக்களைக்கு ஓடினாள். கண்ணாடித் தம்ளரில் கரைத்துக் கொண்டுவந்தாள். மாத்திரையைப் போட்டு, குடிக்காமல் பிடித்திருக்கச் சொல்லி, வெயிலுமுத்துவின் கையில் தம்ளரைக் கொடுத்தார்கள். மூன்று பேரும் காப்பையே பார்த்தார்கள். அது பச்சையாகி நன்றி சொன்னது. செண்பகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. பிழைத்தார் மனிதர்.

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு அவசரப் புகார் எழுதினாள். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட மருந்தை விழுங்கவில்லை, பதிவுகள் அத்தனையும் பொய், உடனே நிறுத்துங்கள் என்று எழுதினாள். அனுப்பிய வேகத்தில் கணினி அமைப்பே பதில் அனுப்பியது.

"புகார் ஏற்கப்படவில்லை. நோயாளி வெயிலுமுத்து இன்று பகல் 1:19க்கு மருந்தை விழுங்கியது உறுதியானது. நேரில் இருந்த சாட்சி: ஆய்வாளர் செண்பகவல்லி."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஆய்வாளர்கள் யார் வீட்டில் எப்போது இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளும் காப்பு அதில் மினுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவள் யோசனைதான். பதிலின் கீழே இன்னொரு வரி இருந்தது. அழுத்தம் இறங்காததால் நாளை முதல் அளவு ஒன்பது மடங்கு.

கோமதிக்கு அதைப் படித்துக் காட்டினாள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் ஆகும் என்பதையும் சொன்னாள். கோமதி அடுக்களைக்குப் போய்ப் புளிப் பானையைத் திறந்து பார்த்தாள்.

"இருக்கிற புளி முப்பது நாளைக்குக் காணும்மா," என்றாள். "அதுக்கப்புறமும் அது நம்ம பேச்சக் கேக்கலன்னா?"

செண்பகவல்லி புளிப் பானையை வாங்கி, நாளைக்கான புளியைக் கிள்ளி உருட்டி வைத்தாள்.