ஆனி வெயில் படாத விளை

“வடக்கு வாதிலைத் தொறக்கணும் மாமி,” என்றாள் தேவகனி.

கிளாராம்மாளின் கையிலிருந்த அகப்பை கஞ்சிப் பானைக்குள்ளேயே நின்றது. இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், வடக்கு வாசலைத் திறக்கச் சொல்லி மட்டும் ஒருக்காலும் கேட்காதே என்று வந்த அன்றே மருமகளிடம் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லாத உத்தரவுகள் தேவகனிக்கு ஆகாது. பனையேறியின் மகளுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்கள் நடுவே பி.ஏ. முடித்து, பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் அவள்.

வீடு கிளாராம்மாளின் தம்பி நேசையனுடையது. திருவட்டாறு ரோட்டில் தெற்கே பார்த்த ஓட்டு வீடு. பின்னால் வடக்கே கால் ஏக்கர் தென்னை விளை. இதை வாங்கிக்கொண்டு, தேவகனிக்கு அப்பா விட்டுப்போன பத்து சென்டை அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் தங்கிப் பார், திங்கட்கிழமை தக்கலையில் கையெழுத்து என்றான் கணவன் ரசலையன். கால் ஏக்கர் எங்கே, பத்து சென்ட் எங்கே, படித்தவளுக்குக் கணக்குத் தெரியாதா என்று கேலி வேறு. அந்தப் பத்து சென்டில்தான் அவளுடைய அப்பா கிடக்கிறார். செத்தவரைச் சொந்த விளையில் அடக்கி, தலைமாட்டில் ஒரு தென்னம்பிள்ளை வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அப்பாவின் தென்னைக்கு நாலு வயசு. இன்னும் பாளை விடவில்லை.

வியாழக்கிழமையே அவள் கவனித்துவிட்டாள். வடக்குக் கதவின் அடியில் விரல் அகலத்துக்கு ஈரம். துடைத்தாள், கை கழுவித் திரும்புவதற்குள் மறுபடி ஊறியிருந்தது. மழை விட்டு நாலு நாளாகி, ரோடு புழுதி பறக்கும் காய்ச்சலில் கிடக்க, அந்தக் கதவடியில் மட்டும் ஊறப்போட்ட தேங்காய்க் கதம்பையின் நாற்றம் எழுந்து, அடுக்களைக்குள் நுழைந்து, கஞ்சியிலும் தலையணையிலும் அவளுடைய கூந்தலிலும் படிந்தது. அதோடு அந்தச் சத்தம். சுவருக்கு அப்பால் யாரோ ஈரமண்ணை வாரியலால் பெருக்கினார்கள். சர்ர்… சர்ர்… அவசரமில்லாத, வேலை தீராத ஒருத்தியின் பெருக்கல். ஆர் அங்ஙன பெருக்குறது என்று கணவனிடம் கேட்டதற்கு, அவன் ஓலை உரசுகிறது என்று சொல்லிச் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

இன்று சனிக்கிழமை, உச்சிப் பொழுது. சத்தம் கதவை ஒட்டி வந்திருந்தது.

மாமி சண்டை பிடிப்பாள் என்றுதான் அவள் நினைத்தாள். கிளாராம்மாள் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து நீட்டினாள். முகம் பாரத்தை இறக்கி வைத்ததுபோல் தெளிந்திருந்தது.

“நீயாத்தான் கேட்ட, மக்கா. நாங்க ஆரும் சொல்லல்ல, கேட்டியா.”

கதவு சத்தமின்றித் திறந்தது. எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆறு தென்னைகள், ஒரே வரிசையில். உதிர்ந்த தேங்காய்களை ஒருவரும் பொறுக்கவில்லை. கிடந்த இடத்திலேயே முளைத்து வெளிறிய குருத்து நீட்டியிருந்தன. மேலே ஓலைகளில் வெயில் தகதகத்தது. கீழே, வீட்டின் நிழல் விளை முழுவதையும் மூடிக் கிடந்தது. தேவகனி படியில் நின்று அதைப் பார்த்தாள்.

ஆனி மாதம் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். எத்தனை முறை கரும்பலகையில் கடகரேகை வரைந்து சொல்லிக் கொடுத்திருப்பாள். உச்சியில் வீட்டின் நிழல் தெற்கே, ரோட்டுப் பக்கம் விழ வேண்டும். இந்தச் சுவர் சுட வேண்டும். தொட்டாள். கிணற்றுக் கல்லைப்போல ஜில்லென்று நனைந்திருந்தது.

அப்படியென்றால் இது எதனுடைய நிழல்?

கண் பழகியது. தென்னைகளுக்கு நிழலே இல்லை. ஒவ்வொரு தென்னையின் அடிமூட்டிலும் வேறொரு நிழல் படுத்திருந்தது. கொண்டை. தோள். முந்தானை. ஆறு பேர். கடைசி நிழலின் கை அசைந்தது. முன்னும் பின்னும்.

சர்ர்.

ஆறாவது தென்னைக்கு அப்பால் ஒரு குழி. புதிது. உப்பும் சாம்பலும் தூவியிருந்தது. பக்கத்தில் சாக்கு சுற்றிய தென்னம்பிள்ளை.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். படியில் நின்ற வலது காலின் குட்டி நிழல் தெற்கே, வீட்டைப் பார்த்து. எப்போது மண்ணில் வைத்தாள் இடது காலை? அதன் நிழல் வடக்கே. நீண்டு. இன்னும் நீண்டு. குழியின் விளிம்பு வரை.

காலைப் பிடுங்கினாள். கதவை அடைத்தாள்.

“அந்தக் குழி ஆருக்கு?” குரல் நடுங்கவில்லை, கோபம் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

“தென்னம்பிள்ளைக்குத்தான். பின்ன ஆருக்கு?” என்றாள் கிளாராம்மாள். “இருந்து கஞ்சி குடி, பிள்ளே.”

ரசலையன் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலை நிமிரவில்லை. “பயப்படாத. திங்கக்கெழம ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்,” என்றான். பயந்தேன் என்று அவள் சொல்லவே இல்லை.

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அப்பாவின் பத்து சென்டை எவனுக்கும் எழுதித் தருவதில்லை என்று கதவை அடைத்தபோதே அவள் முடிவு செய்தாகிவிட்டது. துணிகளைப் பையில் திணித்துத் தெற்கு வாசல் வழியே இறங்கினாள். ஒருவரும் தடுக்கவில்லை. அது அவளுக்கு வினோதமாகப் பட்டது.

தக்கலை நோக்கிக் கிழக்கே நடந்தாள். வெயில் சாய்ந்து முதுகில் அடித்தது. வேலிப் பூவரசின் நிழலும், தந்திக் கம்பத்தின் நிழலும், எதிரே வந்த மாட்டுவண்டியின் நிழலும் ஒழுங்காகக் கிழக்கே சாய்ந்து கிடந்தன. வண்டிக்காரன் அவளைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். மாட்டைச் சுள்ளென்று அடித்து ஓட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள்.

வெள்ளைப் புழுதியில், அவளுக்கு முன்னால், பையின் நிழல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டே போனது.

தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல்.