தேவகுமாரி ஏறிவிட்டாள்

நாகலூரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் மூடுபனி கடை வாசல்வரை வந்து உட்கார்ந்திருந்தது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாய்லருக்குப் பின்னால் ஏதோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். மாதக்கணக்கில் ஊரில் இல்லாதவளிடம் "எப்ப வந்தீங்க" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஓடிப்போனவளின் அக்காவுக்கு அதுகூடக் கிடையாது.

கூட வேலை பார்க்கிற கலாவதி மட்டும் என் வீட்டுச் சாவியோடு நின்றிருந்தாள்.

"வா புள்ள பிரிஸ்கி. நொம்ப எளைச்சுப் போயிட்டியே. ஊட்டையெல்லாம் கூட்டி வெச்சிருக்கறேன். ராத்திரிக்கு நானே சோறு கொண்டாறேன், நீ அடுப்புப் பத்த வெக்காதே."

அவள் தோளில் சாய்ந்து அழுதேன். இந்த மலையில் என்னைக் கைவிடாத ஒரே ஜீவன் அவள்தான் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்.

என் தங்கை தேவகுமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். இரண்டு பேருமே எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவர்கள். எங்கள் முதலாளியின் நண்பர் ஒருவர் அந்தமானில் சொந்தமாக யாட் என்கிற சொகுசுப் படகு வைத்திருக்கிறார். விளைச்சல் அமோகம் என்ற சந்தோஷத்தில் முதலாளி கலாவதியையும் சேர்த்து எங்களில் சில பேரைப் போன பங்குனியில் அங்கே விமானத்தில் அனுப்பி வைத்தார். கூட, எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஜீவானந்தம் வந்தார்.

மலையேறி இறங்கியே கால் தேய்ந்தவர்களை நடுக்கடலில் நிறுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வாயில் வளைந்த குழாய் ஒன்றைக் கவ்வச் சொல்லி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பாருங்கள் என்றார்கள். ஸ்நார்க்கெலிங் என்று பேராம். பாதிப் பேர் ஏணியிலேயே நின்றுவிட்டோம். தேவகுமாரி முதல் ஆளாகக் குதித்தாள். தலையை வெளியே நீட்டி, "அக்கா, கீழ ஒரு எஸ்டேட்டே இருக்குதுக்கா! செடி செடியா!" என்று கத்தினாள். மறுபடி முங்கினாள். குழாய் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று, ஹோ… ஹோ… என்று மூச்சு விட்டது.

அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. எனக்குக் குமட்டல் எடுத்துக் கீழறையில் போய்ப் படுத்துவிட்டேன்.

கிளம்பும்போது ரைட்டர், எஸ்டேட்டில் தினமும் காலையில் செய்கிற மாதிரியே, மேல்தட்டில் நின்று பேர் கூப்பிட்டார். எல்லாப் பேருக்கும் பதில் வந்தது. "தேவகுமாரி" என்றார். "இருக்கேங்க" என்றாள். அந்தக் குரலை நானே என் காதால் கேட்டேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கரையில் இறங்கியபோது அவள் இல்லை.

கலாவதிதான் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் அழுதுகொண்டே சொன்னாள், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பையனோடு அவள் நடந்து போனதைப் பார்த்தாளாம். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. படகில் ஏறியவளைக் கடலில் போய் எதற்குத் தேடுவது? யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை. ஊருக்கு வந்து அவள் போட்டோவைப் பார்த்து, "நாசமாப் போ" என்று சபித்தேன். பிறகு இங்கே தலை காட்ட முடியாமல் சேலத்தில் சித்தி வீட்டில் போய்க் கிடந்தேன்.

இருந்தும் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. உயிரோடு இருப்பவள் ஒரு போன்கூடவா போட மாட்டாள்? அவள் செத்துப்போனாளா, என்னை ஏமாற்றிவிட்டுப் போனாளா? இரண்டில் ஒன்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலாவதி கதவைத் திறந்தாள்.

உள்ளே கருவாட்டு வாசம் மாதிரி ஒன்று அடித்தது. கருவாடு இல்லை. வெயிலில் காயாத வலையின் வாசம். படகுத்துறையில் அடித்ததே, அதேதான்.

"பூட்டிக் கெடந்த ஊடு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் கலாவதி. ஆனால் வாசற்படியைத் தாண்டி அவள் உள்ளே வரவில்லை.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கடல் எங்கே, இந்த மலை எங்கே. பாயை உதறினேன். பொடி மணல் கொட்டியது.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றேன். தண்ணீர் போகிற குழாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ஹோ… ஹோ…

காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

காற்று நடுவில் மூச்சு வாங்காது.

குழாயின் வாயைத் துணியால் அடைத்தேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் துணி மெல்ல மேலே உப்பியது. பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி உப்பியது. நான் வெளியே ஓடி வந்து, கலாவதி சோற்றுப் போசியோடு வருகிறவரை ரோட்டில் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"உன்ற ஊட்லயுமா?" என்றாள். உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த 'உம்' எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனேன். எஸ்டேட் ஸ்டோர் முன்னால் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு எல்லாரும் நின்றோம். பக்கத்து ஆளின் தோள்தான் தெரியும், அதற்கு அப்பால் வெள்ளை. இப்படிப்பட்ட காலைகளில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் வரவில்லை என்று எவளாவது பிந்தினால், பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகக் குரல் கொடுத்துவிடுவாள். ரைட்டருக்கு முகமா தெரியப்போகிறது? குரல் வந்தால் அவருக்குப் போதும். பிந்தியவள் மேட்டு வழியாக ஓடி வந்து சேர்ந்துகொள்வாள். இதில் கலாவதியை அடிக்க ஆளில்லை. எவள் குரலிலும் பேசுவாள்.

ரைட்டர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"கலாவதி."

அவள் என்னை ஒட்டித்தான் நின்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இருக்கேங்க."

குரல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கலாவதியின் குரல்தான். அதே இழுப்பு. ஆனால் அவள் உதடு அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அசையவே இல்லை.

பின்னால் யாரும் நிற்கவில்லை. எங்கள் வரிசைதான் கடைசி வரிசை.

ஹோ… ஹோ…

கலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளைத் தாங்கிப் பிடித்து அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் புருஷன் முருகேசன் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். அவரும் நானும் இருக்கும்போதே அவள் வாயைத் திறந்தாள்.

"நாந்தான் புள்ள குரல் குடுத்தேன். படகுல. தேவகுமாரி பாத்ரூமுல துணி மாத்தறாளாக்கும்னு நெனச்சேன். எப்பவும் போலத்தான் குடுத்தேன்."

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

அவள் முருகேசனைப் பார்த்தாள்.

"எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கறேன்ல!"

"பாதி வழியில. பாத்ரூம் கதவு தெறந்து கெடந்துச்சு. உள்ளார ஆருமில்ல."

"திருப்பச் சொல்லியிருக்கலாமில்ல? சாமி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடி?"

"எல்லாரும் என்னையக் கொலைகாரிம்பாங்கன்னு பயந்துட்டேன். வேற படகு ஏதாச்சும் அவளை ஏத்திக்கும்னு நெனச்சேன். கரைக்கு வந்தா நீ கேக்கறே. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டேன்."

பாதி வழியில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது நான் கீழறையில் படுத்திருந்தேன். அவள் இறங்கி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்து, "உன்ற தங்கச்சி மேல காத்து வாங்கறா, நீ தூங்கு" என்று என் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் என் தங்கை நடுக்கடலில் குழாயைக் கவ்விக்கொண்டு, தூரமாகப் போகிற படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் இவள் கையால் நான் சோறு தின்றேன். இவள் தோளில் சாய்ந்துகொண்டு என் தங்கையைச் சபித்தேன். ஓங்கி ஒரு அறை விட்டேன். அவள் கன்னத்தைக்கூடத் தேய்த்துக்கொள்ளவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழமை கோயில்ல இந்த வருஷம் மரிச்சவங்க பேரு வாசிப்பாங்க" என்றேன். "ஓடிப்போனவ பேரை வாசிக்க மாட்டாங்க. நீ நாளைக்கு என்கூட வந்து போதகர்கிட்ட உண்மையைச் சொல்லு. என் தங்கச்சி ஓடிப்போகலைன்னு சொல்லு. அதுக்கப்பறம் நீ ஆரோ நான் ஆரோ."

"வர்றேன் புள்ள. விடிஞ்சதும் உன்ற ஊட்டுக்கே வந்தர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்தது. அவள் வரவில்லை. காத்துப் பார்த்துவிட்டு எஸ்டேட்டுக்கு ஓடினேன். மூடுபனி அன்றைக்கு இன்னும் கெட்டி. பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கலாவதி" என்றார் ரைட்டர். "இருக்கேங்க" என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது.

முந்தின நாள் கேட்டது ஞாபகத்தில் இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனால் ஆத்திரம் கண்ணை மறைத்தது. எனக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வேலைக்கு வந்து நிற்கிறாள் என்றே நினைத்தேன். ஒருமுறை துரோகம் செய்தவள் மறுமுறை செய்ய மாட்டாளா? போய் அவள் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. எனக்கு ஒதுக்கிய மேட்டுப் பக்கம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே போதகர் ஏசுராஜிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றதை நம்பறேனுங்கம்மா. ஆனா அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்களா?" என்றார். அப்போது கேட்டைத் திறந்துகொண்டு முருகேசன் வந்தார். தனியாக வந்தார்.

"ஏனுங்க, கலாவதி எங்கீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"என்னைக் கேக்கறீங்க?"

"நேத்து விடியக்காலையில உங்க ஊட்டுக்குப் போறேன்னு போனவதானுங்க. ராத்திரி வரலைன்னதும் ரைட்டரைக் கேட்டேன். காலையில பேர் குடுத்தா, வேலையிலதான் இருந்தாளாட்டங்குதுன்னாரு. சரி, உங்ககூடத்தான் தங்கிட்டாளாக்கும்னு தேடாம இருந்துட்டேன்."

அவள் என்னை ஏமாற்றவில்லை. விடியற்காலையில் எனக்காகக் கிளம்பியிருக்கிறாள். 'இருக்கேங்க' என்று ஒரு குரல் சொன்னது, அதனால் ஒரு பகல் ஒரு இரவு முழுக்க யாரும் அவளைத் தேடவில்லை.

முருகேசன், மனைவி சொன்னது அத்தனையையும் போதகரிடம் சொன்னார். அன்றைக்கு ஆலயத்தில் என் தங்கையின் பேரை வாசித்தார்கள். மணி அடித்தது. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது, டீக்கடைக்காரர் உட்பட. அதற்காகத்தானே தவித்தேன்? அழுகைகூட வரவில்லை.

பொழுது சாய்கிறவரை கலாவதியைத் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டி, ஓடை, பாறைப் பக்கம் எல்லாம் பார்த்தார்கள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே காப்பிச் செடிகளுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் அவள் செருப்பு கிடைத்தது. அந்த இடத்தில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. முருகேசன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பு என்று துப்பினார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயிருக்கக் கூடாது. போகாமல் அந்த வீட்டில் தனியாக இருக்கவும் தைரியமில்லை.

ரைட்டர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, பதில் வந்த திசையில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். கலாவதியின் பேர் வரவேண்டிய இடம் வந்தது. அவர் நிறுத்தினார். அந்தப் பேரைக் கூப்பிடாமலே தாண்டினார்.

"இருக்கேங்க."

ரைட்டர் அவசர அவசரமாக அடுத்த பேரைக் கூப்பிட்டார். அது என் பேர்.

"பிரிஸ்கில்லா."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி, என் காதுக்குப் பின்னால், ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"அக்கா இருக்காங்க."

குரல் கலாவதியுடையது. கலாவதி என்னை ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"நான் இங்கதானுங்க நிக்கறேன்! என்னையப் பாருங்க!" என்று கத்தினேன். ரைட்டர் நான் நிற்கிற பக்கமே திரும்பவில்லை. என் பேருக்குப் பதில் வந்துவிட்டது என்று தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.