கையைக் காட்டு

நாய்கள் குரைக்கவில்லை. அதுதான் டெல்ஃபினுக்கு முதலில் உறுத்தியது. பொழுது சாயும் நேரத்தில் கறி வேகும் வாசனை கூடாரத்தைத் தாண்டினாலே ஊரைக் கூட்டிவிடும் நாய்கள். இன்று உறைந்த ஏரியின் மேல் ஊர்ந்து வரும் காற்றையும், தகர அடுப்பில் சீறும் ஈரவிறகையும் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"கையைக் காட்டு," என்றான் அவள் கணவன் எலாய். மகள் வாபன் கைகளை நீட்டிப் புரட்டிக் காட்டினாள். உள்ளங்கையில் அவன் முத்தம் வைத்த பிறகுதான் சாப்பாடு. பள்ளியில் சாப்பாட்டுக்கு முன் கையைச் சோதித்து அடிப்பார்கள்; அந்தப் பாட்டில் அவனிடம் மிஞ்சிய பழக்கம் இது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று டெல்ஃபின் கேலி செய்வாள்.

பழங்குடிப் பிள்ளைகளைப் பிடித்துப்போய், முடியை வெட்டி, தாய்மொழியை மறக்கடிக்கும் அந்தப் பள்ளிகளை அரசாங்கம் மறுபடி திறந்தபோது பிடிபட்டு, பிறகு தப்பி வந்தவர்கள்தான் இந்த ஒளிவு முகாமில் எல்லோரும். டெல்ஃபின் மட்டும் பிடிபடாதவள். கவிழ்த்த படகுக்கடியில் அவளை அவள் அப்பா ஒளித்து வைத்தார். இப்போது இவர்களுடைய பிள்ளைகளையும் பள்ளிக்காரர்கள் தேடுகிறார்கள். இங்கே நாய்களுக்குக்கூட யாரும் சலங்கை கட்டுவதில்லை.

கல்யாணமான புதிதில் எலாய் சொன்னான்: "பள்ளி மணிச்சத்தம் கேட்டா நான் நானா இருக்க மாட்டேன். கோடரிய பக்கத்துல வெச்சுக்க."

"இல்லாட்டி மட்டும் நீ ரொம்ப யோக்கியன்," என்று சிரித்தாள்.

இப்போது ஏரிக்கு அப்பாலிருந்து அந்த மணி அடித்தது.

எலாய் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான். விறைப்பாக நின்றான். தோலுரிக்கும் கத்தியை எடுத்தான். வாபனின் சடையைச் சுருட்டிப் பிடித்து அடியோடு அறுத்தான். குழந்தை "அப்பா" என்று தங்கள் பாஷையில் அலறியது.

"அந்தப் பாஷை பேசின நாக்க நீட்டு," என்றான், பள்ளியின் மொழியில். கத்தி வாய்க்குப் போனது.

டெல்ஃபின் அவனை உயிராக நேசித்தாள். கோடரி அவன் கழுத்தில் இறங்கியது.

"ஓடு வாபன்."

வெளியே நாய்கள் கழுத்தறுந்து கிடந்தன. ஏரிப் பனியில் முகாமே நின்றது. உயரவாரியாக. வரிசையாக. கைகளை நீட்டியபடி. முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அதற்கு எதிரே மணியோடு ஒருவன்.

வாபன் ஓடவில்லை.

அந்த இடைவெளியில் போய் நின்றாள். அப்பாவின் ரத்தம் சொட்டும் தன் கைகளை நீட்டினாள். புரட்டிக் காட்டினாள். முத்தத்துக்குக் காத்திருந்தாள்.

மணிக்காரன் குனிந்தான்.