செல்வாவின் இடது காது

“தம்பி, சிரிக்கக் கூடாது” என்றார் ஸ்டுடியோக்காரர்.

செல்வக்குமார் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் கன்னங்கள் உப்பிக்கொண்டே வந்தன. பக்கத்தில் நின்ற அக்கா பாண்டிமீனாவை ஓரக்கண்ணால் பார்த்தான். அவ்வளவுதான், புஸ்ஸென்று சிரித்துவிட்டான்.

“பாஸ்போர்ட் போட்டோன்னா சிரிக்கக் கூடாதுடா. அம்மாகிட்டப் போனதும் எம்புட்டு வேணும்னாலும் சிரிச்சுக்கோ” என்றார் அப்பா.

அம்மா என்ற சொல்லைக் கேட்டதும் செல்வாவின் முகம் தானாகவே அடங்கிவிட்டது. ஸ்டுடியோக்காரர் அந்த நொடியில் படத்தை எடுத்துவிட்டார்.

செல்வாவுக்கு ஏழு வயது. மீனாவுக்குப் பதினொன்று. அப்பா முத்துப்பாண்டி சமயநல்லூர் மெயின் ரோட்டில் பைக் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அம்மா தாமரைச்செல்வி துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதுவரை ஊருக்கு வர லீவு கிடையாது.

“நான்தான வர முடியாது? நீங்க வாங்களேன்” என்று ஒருநாள் அம்மா போனில் சொன்னார். “என்கூட வேலை பாக்குற ஒரு அக்கா மே மாசம் குடும்பத்தோட ஊருக்குப் போறாங்க. வீட்டுச் சாவியத் தாரேன்னு சொல்லிருக்காங்க. தங்குற செலவு மிச்சம்.”

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. செல்வாவின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அதைச் சரி செய்ய அப்பா நடையாக நடந்தார். கடையைப் பூட்டிய பிறகு, விமானத்துக்கு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு, கைச்செலவுக்கு எவ்வளவு என்று வாய்விட்டுக் கூட்டிக்கொண்டே இருப்பார். பாஸ்போர்ட்டுகள் தபாலில் வந்தபோது மூன்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

செல்வா தன் படத்தைப் பார்த்துவிட்டு, “நான் கோழி திருடிட்டு மாட்டிக்கிட்டவன் மாதிரி இருக்கேன்” என்றான்.

அம்மா ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். “டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பிள்ளைகள ஒரு டாக்டர்கிட்டக் காட்டிருங்க. போட்டுட்டு அப்புறம் போக முடியலன்னா காசு திரும்ப வராது.”

“நாளை மறுநாள் கூட்டிட்டுப் போறேன்” என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீனா துவைப்பதற்காகத் தலையணை உறைகளைக் கழற்றினாள். செல்வாவின் உறையில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. மோந்து பார்த்தாள். குப்பென்று கெட்ட வாடை அடித்தது.

“செல்வா, இங்க வா. காதைக் காட்டு.”

“மாட்டேன்.”

மீனா அவன் கையை விலக்கிப் பார்த்தாள். இடது காதுக்குள் பஞ்சு அடைத்திருந்தான். தலையணையில் ஓட்டை போட்டு எடுத்த பஞ்சு.

“எப்ப இருந்துடா இப்படி?”

“மழைக்காலத்துல இருந்து. அந்தக் காதுல சரியாவே கேக்கல.”

“வலிக்குமா?”

“சில நேரம். வலிச்சா தலையணைய வச்சு அமுக்கிக்குவேன்.”

மீனாவுக்கு அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. “அப்பாகிட்டச் சொல்லப் போறேன்” என்று திரும்பினாள்.

செல்வா அவள் பாவாடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். “சொல்லாதக்கா! சொன்னா என்னையப் பிளேன்ல ஏத்த மாட்டாங்க. அம்மாவப் பாத்துட்டு வந்து நானே சொல்லிர்றேன். சத்தியமாக்கா!”

அவன் கண்கள் நிரம்பிவிட்டன. மீனா நின்றுவிட்டாள்.

அவளுக்கும் அம்மாவைப் பார்க்க வேண்டும். அம்மாவின் குரல் தினமும் போனில் வந்துவிடுகிறது. ஆனால் தலை பின்னிவிடும்போது அம்மாவின் விரல் எப்படி இருக்கும் என்பது மறந்துபோய்க்கொண்டிருந்தது. ‘நாளைக்கு டாக்டர் பார்க்கத்தானே போகிறார்? அவரே கண்டுபிடிக்கட்டும்’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அப்பா இருவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் எடை பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

“வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா தம்பி?”

“இல்ல சார்!” வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் செல்வா உரக்கச் சொன்னான். காலையிலேயே பஞ்சை எடுத்துவிட்டு, காதைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான். டாக்டர் பேசும்போதெல்லாம் வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நல்ல சுறுசுறுப்பான பையன். தாராளமாப் போய்ட்டு வாங்க” என்று டாக்டர் சிரித்தார்.

செல்வா வெற்றியோடு மீனாவைப் பார்த்தான். மீனாவால் சிரிக்க முடியவில்லை.

அங்கிருந்து நேராக டிராவல்ஸ் ஆபீஸ். அதை நடத்தும் பீமாராவ், அப்பாவின் கடையில் ஸ்கூட்டர் சர்வீஸுக்கு விடுபவர். மூன்று பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் பெயர்களைப் பதிந்தார்.

“மொதத் தடவை பிளேன்ல போறீங்களா? ஏறுறப்பவும் இறங்குறப்பவும் காது அடைக்கும். மிட்டாயச் சப்பிக்கிட்டே இருங்க, சரியாயிரும்” என்றார் பிள்ளைகளிடம். “காதுல ஏற்கெனவே கோளாறு இருந்தாத்தான் பாடு. போன மாசம் ஒரு சின்னப் பிள்ளை வழியெல்லாம் கதறிருச்சாம் பாவம்.”

செல்வாவின் கை மெதுவாக இடது காதுக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது. மீனா பார்ப்பதைக் கண்டதும் கையைக் கீழே போட்டுவிட்டு, ‘சொல்லாதே’ என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

“போட்டுரலாமா முத்துப்பாண்டி? போட்டா மாத்த முடியாது.”

“போட்டுருங்கண்ணே” என்றார் அப்பா.

“போடாதீங்க!”

மீனாவின் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. மேஜைக்கு அடியில் செல்வா அவள் காலை மிதித்தான்.

“அப்பா, செல்வாவுக்குக் காதுல சீழ் வடியுது. மழைக்காலத்துல இருந்தே வடியுதாம். அந்தக் காது சரியாக் கேக்கலப்பா.”

அப்பா எழுந்து செல்வாவை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்க் காதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மீனா அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பீமாராவ் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். “டிக்கெட் எங்கயும் ஓடிராது. மொதல்ல பிள்ளையக் காட்டுப்பா.”

காது டாக்டர் சாருலதா, ஒரு சின்ன விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். பிறகு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவை உட்காரச் சொன்னார்.

“இது சாதாரணச் சீழ் இல்ல. உள்ள எலும்பை அரிச்சுக்கிட்டு இருக்கு. இன்னும் விட்டா மூளைப் பக்கம் பரவிரும். சீக்கிரமே ஆபரேஷன் பண்ணணும்.”

“துபாய்க்குப் போய்ட்டு வந்து...” அப்பா இழுத்தார்.

“பிளேன் இப்பக் கூடாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் சில மாசம் கூடாது.”

“காது பழையபடி கேக்குமா டாக்டர்?”

“முழுசாக் கேக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பிள்ளைக்கு ஆபத்து வராமப் பாத்துக்கலாம். இப்பவாச்சும் கூட்டிட்டு வந்தீங்களே.”

அன்று சாயங்காலம் அப்பா வீடியோ போனில் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா நர்ஸ் அல்லவா, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். போனை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டார். திரையில் மேலே சுற்றும் ஃபேன் மட்டும் தெரிந்தது. அம்மா அழும் சத்தம் கேட்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று மாறின. பயணத்துக்கு எடுத்து வைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. மே மாதம் தாண்டினால் துபாயில் தங்க வீடு கிடையாது. அம்மாவின் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்பா பாஸ்போர்ட்டுகளைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

செல்வா மீனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

“அப்பா, அவள என் தட்டைத் தொட வேணாம்னு சொல்லுங்க.”

“அவ தொடாம யாருடா உனக்குத் தோசை சுடுறது?”

“அப்ப தோசைய மட்டும் தொடச் சொல்லுங்க. தட்டைத் தொட வேணாம்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மீனாவுக்கு வரவில்லை. தட்டில் படாமல் தோசையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் டிக்கெட் கையில் இருந்திருக்கும். அப்படி நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அவளும்தான் அம்மாவிடம் போக முடியவில்லை. அது யாருக்குமே ஞாபகம் இல்லை.

ஆபரேஷன் நாள் வந்தது. மருந்து வாங்க அப்பா கீழே போயிருந்தார். அதற்குள் நர்ஸ் வந்து செல்வாவுக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டார். அது அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

“கூப்பிட்டுட்டாங்க. யாராவது ஒருத்தர் கதவு வரைக்கும் வரலாம்” என்றார் நர்ஸ்.

“அப்பா எங்க?” செல்வா சுற்றிலும் பார்த்தான். மீனா மட்டும்தான் இருந்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கூடவே நடந்தாள்.

பாதி வழியில் அவன் கேட்டான். “அம்மா வருவாங்களா?”

வருவாங்கடா என்று சொல்லிவிடலாம். மீனாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“வர மாட்டாங்கடா. லீவு கேட்டாங்க. தரல.”

“வருவாங்கன்னு சும்மாவாச்சும் சொல்லலாம்ல?”

“சொல்லலாம். முழிச்சுப் பாத்து அம்மா இல்லைன்னா என்னடா செய்வ?”

செல்வா அங்கியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்.

“வலிக்குமா?”

“தெரியலடா. ஆனா நீ வெளிய வாறப்ப நான் இந்தக் கதவுகிட்டயே நிப்பேன். அது உறுதி.”

அவன் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தான். கதவு வந்ததும் நர்ஸ்தான் அதை விடுவிக்க வேண்டியிருந்தது.

அப்பா மேலே ஓடி வந்தபோது கதவு மூடியிருந்தது. மீனா அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

“உக்காருத்தா. ரொம்ப நேரமாகும்.”

“நிப்பேன்னு சொல்லிருக்கேன்ப்பா.”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் மகளையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவரும் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பா பேசிவிட்டு மீனாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் அம்மா நர்ஸ் உடையில் இருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

“மீனா, சாப்பிட்டியாடி?”

மீனா இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது.

“அம்மா, எனக்கும் உங்ககிட்ட வரணும்னு ஆசையா இருந்துச்சும்மா.”

“தெரியும்டி தங்கம். எனக்கும்தாண்டி.”

அழாதே என்று அம்மா சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுது முடிக்கும் வரை அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதியம் கதவு திறந்தது. செல்வாவின் தலையைச் சுற்றிப் பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள். “அரிச்ச இடத்தையெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு. காது எம்புட்டுக் கேக்கும்னு போகப் போகத்தான் தெரியும்” என்றார் டாக்டர். அப்பா இரு கைகளையும் கூப்பினார்.

அறைக்கு வந்தும் செல்வா தூங்கிக்கொண்டே இருந்தான். மீனா கட்டிலை ஒட்டி நின்றாள். வெயில் சன்னலை விட்டு இறங்கத் தொடங்கியபோது அவன் இமைகளைப் பிரித்தான். கண்கள் அங்குமிங்கும் அலைந்து அவளிடம் வந்து நின்றன.

“இன்னும் நிக்கிறியாக்கா?”

“ஆமாடா.”

“கால் வலிக்கலயா?”

“வலிக்குதுடா.”

செல்வா முனகிக்கொண்டே உடம்பைக் கொஞ்சம் நகர்த்தினான். கட்டில் ஓரத்தில் ஒரு சாண் இடம் வந்தது.

“உக்காரு” என்றான்.

மீனா உட்கார்ந்தாள்.