காற்று பார்க்கும் காகிதம்

கம்ப்யூட்டர் விசிறிக்கு இன்னும் வயரே மாட்டவில்லை. ஆனாலும் பெட்டியின் பின்பக்க வலைமேல் ஒட்டியிருந்த மெல்லிய காகிதக் கீற்று ஒருமுறை உள்ளே இழுபட்டது, ஒருமுறை வெளியே வந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ரிப்பேர்காரர் எப்போதும் ஒட்டுகிற கீற்றுதான். அவர் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். மத்தியானப் புழுக்கமும், ஈயம் உருகிய வாசனையும், சூடான தூசியின் நெடியும் கடைக்குள் அசையாமல் நின்றன. காகிதம் மட்டும் நிற்கவில்லை.

எதிர் ஸ்டூலில் டீச்சர். போன வருடம் காய்ச்சலில் போய்விட்ட அவர் மகள் எழுத்துக்கூட்டிப் படித்த குரல் இந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. சூடேறினால் டிஸ்க் படுத்துவிடுகிறது.

"டாக்டர் தம்பி, கிடைச்சிடும்ல?" தெருவே கேலியாக வைத்த பெயரை அவர் மனதார நம்பிக் கூப்பிட்டார்.

"குளிரவெச்சு மெதுவா எடுத்துடலாம் டீச்சர். அழாதீங்க."

அழுகிற வீட்டுக்கு ஒரு குரலையாவது திருப்பிக் கொடுக்கலாமே. ரிப்பேர்காரர் மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, பெட்டியின் இரண்டு விசிறிகளையும் காற்றை வெளிப்பக்கம் தள்ளும்படி மாட்டி, டிஸ்க்கில் இருந்ததை இன்னொன்றுக்கு நகலெடுக்க ஆரம்பித்தார். திரையில் டிஸ்க்கின் சூடு முப்பத்தேழு டிகிரி.

விசிறிகள் இரைந்தன. முப்பத்தெட்டு. மேஜை விசிறியையும் திருப்பி வைத்தார். முப்பத்தொன்பது.

"அது என்ன நம்பர்?"

"டிஸ்க்கோட சூடு. ஐம்பது வரைக்கும் பயமில்ல."

"அன்னிக்கு அவளுக்கும் இப்படித்தான் ஏறுச்சு."

டீச்சர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பெட்டியின் தகரத்தில் வைத்து அழுத்தினார். நெற்றியில் வைப்பதுபோல.

நாற்பது. விசிறிகள் வெளியே தள்ளும்போது காகிதம் விறைத்து வெளியே நிற்க வேண்டும். அது உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று மூச்சிரைப்பதுபோல் துடித்தது. வேகமாக. இன்னும் வேகமாக.

"நிறுத்துங்க தம்பி! புள்ளைக்குச் சுடுது!"

ரிப்பேர்காரர் கை சுவிட்சுக்குப் போனது. நகல் தொண்ணூற்று நாலு சதவீதம். இப்போது நிறுத்தினால் இந்த டிஸ்க் மறுபடி ஓடாது. குரல் போனது போனதுதான். கடவுளே, எது சரி?

கையை எடுத்துக்கொண்டார்.

"ஒரே நிமிஷம் டீச்சர். உங்களுக்காகத்தான்."

நாற்பத்தொன்று. தொண்ணூற்றெட்டு சதவீதம். காகிதம் படபடத்தது.

நூறு.

"கிடைச்சிடுச்சு! குரல் வந்துடுச்சு டீச்சர்!"

டீச்சர் திரும்பவில்லை.

திரையில் சூடு இறங்கியது. முப்பத்தாறு. முப்பது. கடைக்குள் அடித்த வெக்கையைவிடக் கீழே. இருபத்திரண்டு. ரிப்பேர்காரர் தகரத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

காகிதம் ஒருமுறை நீளமாக உள்ளே இழுபட்டு, வலையோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. டீச்சர் ஈரத்துணியை எடுக்கவில்லை. கண் காகிதத்தின் மேல்.

அது வெளியே வரவில்லை.