ஏழாம் பதிப்பின் தாழ்ப்பாள்

நகத்தால் மரத்தைச் சுரண்டும் அந்தச் சத்தத்தை விளையாட்டில் யாரும் சேர்க்கவில்லை. ஆனாலும் குழந்தைகளுக்காக வரைந்த அந்தக் குட்டி வீட்டின் வாசல் கதவுக்கு வெளியே அது விடாமல் கேட்டது.

கணினி விளையாட்டுகளில் பிழை பிடிப்பது அவள் வேலை. மகளுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் தூங்கிய உள்ளறையின் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, மழைக்கு இருண்டு கிடந்த மதியத்தில், தைல நெடிக்கும் காயாத துணிகளின் வாடைக்கும் நடுவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல நகத்தைக் கடித்தாள். கடித்துக் கடித்து அவள் விரல்களில் நகமென்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

"ஒவ்வொரு வெர்ஷனா பின்னாடி போய்ப் பாருங்கக்கா. சத்தம் எதுல ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சாப் போதும்," என்றான் போனில் குழுத் தலைவன்.

"இதை எழுதினவரையே கேக்கலாமே?"

"எங்க கேக்கறது? சொல்லாம கொள்ளாம போயிட்டாரு. வீட்டைக்கூடப் பூட்டாமப் போயிருக்காராம்."

இருப்பது ஏழாம் பதிப்பு. ஆறாம் பதிப்பை ஏற்றினாள். குட்டி வீட்டின் வாசல் கதவில் தாழ்ப்பாள் இல்லை. சுரண்டல் இன்னும் பலமாகக் கேட்டது. அந்த ஆள் விட்டுப்போன குறிப்பைத் திறந்தாள். 'ஏழு: வாசலுக்குத் தாழ்ப்பாள். இனி வராது.' மனுஷன் விளையாட்டு எழுதினாரா, வீடு கட்டினாரா என்று சிரிப்பு வந்தது.

ஐந்தை ஏற்றினாள். வாசல் கதவே இல்லை. 'ஆறு: வாசலுக்குக் கதவு. சுரண்டுகிறது.' கழுத்தில் ஈரக் காற்று பட்டது. ஜன்னலாக இருக்கும் என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நான்கு. உள்ளறைக்கும் கதவில்லை. கட்டிலில் ஒரு பொம்மைச் சிறுமி தூங்கினாள். 'ஐந்து: உள்ளறைக்குக் கதவு, உள்பக்கத் தாழ்ப்பாள். குழந்தையிடம் அதை விடக் கூடாது.'

சத்தம் நின்றுவிட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள். மழை காதருகே கொட்டியது. திரும்பினாள்.

அவள் வீட்டு வாசலில் கதவு இல்லை. கீல் இல்லை. திருகாணி போன துளைகூட இல்லை. வெறும் நிலைச்சட்டம். அதற்கு அப்பால் மழை.

கணினிப் பக்கம் திரும்பினாள். ஏழு. ஏழைப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் அழுத்தினாள்.

வாசலில் கதவு நின்றது. தாழ்ப்பாள் 'டக்'கென்று தானாக விழுந்தது. உள்ளறைப் பக்கமும் அதே 'டக்'.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். வெளியே இனி என்ன வேண்டுமானாலும் சுரண்டிக்கொள்ளட்டும். ஆனால் வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

தரையைப் பார்த்தாள். ஈரத் தடம். வாசலிலிருந்து அவள் நாற்காலியை உரசி, உள்ளறைக் கதவின் அடிவரை. போன தடம் மட்டும். திரும்பிய தடம் இல்லை.

பாய்ந்து கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். உள்ளே தாழ்ப்பாள். மகளுக்கு எட்டாத உயரத்தில்.

உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் மகளின் குரல் வந்தது.

"தலையத் தடவினது போதும்மா. உன் நகம் குத்துது."