காலியாகத் தெரிந்த குப்பி

ஆய்வகத் தலைவி துப்பறியும் அம்மாளின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது அவருடைய கைப்பை திறந்தே கிடந்தது. அதை மூடக்கூடத் தோன்றாத அளவுக்குக் கலங்கிப்போயிருந்தார். ஃப்ரீசரில் இருந்த ஒரு குப்பியைக் காணவில்லை. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதைக்கொண்டு தயாரித்த புரதம் அது. கண்ணாடித் தட்டில் வளரும் நரம்பு செல்களைத் தழைக்க வைக்கும். குடுவை கழுவும் பெண்மேல் சந்தேகம் என்றும், அவளை ஓர் அறையில் உட்கார வைத்திருப்பதாகவும் சொன்னார்.

காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்றுத் தனியாகத் துப்பறியும் அந்த அம்மாளுக்கு ஊரெல்லாம் பெயர் அண்ணிதான். அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் கூடவே துணைக்கு வரும் கொழுந்தன் ஒருவன்தான், ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லாரும். கொழுந்தன் செருப்பு மாட்டுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். இது போட்டி ஆய்வகத்துக்காரர்களின் வேலை என்றான். அண்ணி வழக்கம்போலக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வகத்தில், ஃப்ரீசர் கதவில் தடித்த எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இது மருந்து அல்ல. ஆராய்ச்சிக்கு மட்டும்.' மூத்த ஆராய்ச்சியாளர் ஒட்டியது என்றார் தலைவி. புதிதாக வருகிறவர்கள் யாராவது வாய் தவறி மருந்து என்று சொல்லிவிட்டால் காதைத் திருகாத குறையாக அவர் திருத்துவாராம்.

சாவி சுவரிலேயே ஆணியில் தொங்கியது. ஃப்ரீசருக்குள் இருந்த சிறு பெட்டியில் குப்பி வைக்க இரண்டு குழிகள். ஒன்றில் வெள்ளைப் பொடியோடு ஒரு குப்பி இருந்தது, மற்றொன்று காலி.

"காணாமப் போன குப்பி பார்க்க எப்படி இருக்கும்?" என்று தலைவியிடம் கேட்டார் அண்ணி.

"உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். அடியில லேசா ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. இந்த வெள்ளைப் பொடி அதோட சேர்க்கிற துணைப்பொருள்தான்."

குடுவை கழுவும் பெண் அழுது ஓய்ந்திருந்தாள். தொட்டியில் கிடப்பதைக் கழுவுவதோடு தன் வேலை முடிந்தது, ஃப்ரீசர் பக்கமே போனதில்லை என்றாள். அவள் சொன்னதை அண்ணி நம்பினார்.

மூத்த ஆராய்ச்சியாளர் தன் அறையில் இருந்தார். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. அவர் அதைத் தொடவில்லை. பாவம், அவர் மனைவிக்கு ஒரு வருடமாக நரம்பு நோயில் கைகால் சுவாதீனமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று தலைவி வழியிலேயே சொல்லியிருந்தார்.

"குடுவை கழுவுற அந்தம்மாவ விட்டுடுங்க மேடம். அவங்களுக்கு மருந்து எது, தண்ணி எதுன்னு என்ன தெரியும்?" என்றார் அவர்.

அண்ணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர்தான்; ஆனாலும் அந்த நிமிடம் அவருக்குப் பயமாக இருந்தது.

"தெரியாம எடுக்கிறவங்க வெள்ளைப் பொடியத்தான் எடுப்பாங்க," என்றார். "காலியாத் தெரியறத எடுத்தது விஷயம் தெரிஞ்ச ஆள். போட்டிக்காரங்களா இருந்தா பெட்டியோட போயிருக்கும். சார், அத மருந்துன்னு சொன்னா இங்க எல்லாரையும் திருத்துறவர் நீங்க. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. உங்க மனசுல அது எப்போ மருந்தாச்சு?"

அவர் கைப்பேசியை இன்னும் தள்ளி வைத்தார்.

"உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்?" என்று அண்ணி தலைவியிடம் கேட்டார்.

"பாக்டீரியாவோட விஷம் அதுல ஒட்டியிருக்கும். இங்க வளர்ற செல்லுங்க எப்படியோ தாங்கிடும். மனுஷ ரத்தத்துல கலந்தா குளிர் ஜுரம் வரும், பிரஷர் விழும். உயிருக்கே ஆபத்து."

"நான் வடிகட்டினேன்," என்றார் ஆராய்ச்சியாளர் மெல்ல.

"வடிகட்டினா கிருமிதான் போகும், அந்த விஷம் போகாது. எனக்கே அதச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கதானே?" என்றார் தலைவி.

"தெரியும். தெரிஞ்சுதான்... நேத்து அவளால டம்ளரப் பிடிக்க முடியல."

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. அண்ணி அதைத் திருப்பினார். திரையில் 'மகள்' என்றிருந்தது. அவரே ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அப்பா, எத்தனை தடவ கூப்பிடறது? நீங்க காலையில ஊசி போட்டுட்டுப் போனதுலேர்ந்து அம்மாவுக்கு நடுக்கம் நிக்கல. ரெண்டு போர்வை போத்திட்டேன். இப்ப கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கல."

வாய் ஓயாத கொழுந்தன் வீட்டு முகவரியை மட்டும் கேட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னான். தலைவி ஓடிப்போய்க் குடுவை கழுவும் பெண் இருந்த அறையைத் திறந்துவிட்டார். அவளிடம் மன்னிப்புக் கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியிலிருந்தே ஆம்புலன்ஸ் டாக்டர் ஆராய்ச்சியாளரின் கைப்பேசிக்குக் கூப்பிட்டார். ஆராய்ச்சியாளர் அதற்குள் ஃப்ரீசர் கதவுக்கு எதிரில் வந்து நின்றிருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்க. இவங்களுக்கு என்ன மருந்து போட்டீங்க?"

தன் கையால் எழுதி ஒட்டிய தாளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மருந்து இல்ல டாக்டர்," என்றார்.